தீர்ப்பு கையில், பணம் எங்கே?

வழக்கில் வென்றால் பணம் வந்துவிடும் என்று எண்ணுபவர், இந்நாட்டில் கைமாற்றாகக் கொடுத்த காசை நீதிமன்றம் ஏறி மீட்க முயன்றவராக இருக்க முடியாது. முப்பது ஆண்டுகளாக நீதிமன்றச் செய்திகளை எழுதி வருபவன் என்ற வகையில் சொல்கிறேன்: எமது குடியியல் நீதிமன்றங்கள் கடனாளி தர வேண்டியவர் என்று தீர்ப்பு மட்டுமே வழங்குகின்றன. அந்தக் கடனை அறவிடும் வேலையை வென்றவரின் தலையிலேயே சுமத்திவிடுகின்றன.

எனக்கு நன்கு தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். பணிக்கொடையாகக் கிடைத்ததில் ஆறு இலட்சம் ரூபாவை 2013இல் உறவினர் ஒருவருக்கு எழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். தவணைகள் கடந்தன. உறவு கெடும் என்று பொறுத்திருந்தவர், எழுத்திலுள்ள கடனுக்கான ஆறு வருடக் காலவரையறை முடியப் போகிறது என்று சட்டத்தரணி எச்சரித்த பின்னரே, 2018இல் வழக்குத் தொடுத்தார். (எழுத்தில்லாத கடனாயின் மூன்று வருடங்கள்தான். கைமாற்றுக் கொடுப்போர் இதனை மனதில் இருத்திக்கொள்வது நல்லது.) 2021இல் தீர்ப்பு அவருக்குச் சார்பாக வந்தது. அன்று அவர் கோவிலில் அருச்சனை செய்தார். இன்றுவரை ஒரு சதமும் வரவில்லை.

ஏன் வரவில்லை? 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையைத்தான் நாம் இன்றும் திருத்தித் திருத்திப் பயன்படுத்துகிறோம். அதன்படி, வென்றவர் தீர்ப்பை நிறைவேற்றும் எழுத்தாணை கேட்டு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். எழுத்தாணை கிடைத்ததும் பிஸ்கால் கடனாளியின் வீட்டுக்குச் சென்று பணத்தைக் கேட்பார். பணம் இல்லை என்றால் சொத்தைக் கைப்பற்றலாம். ஆனால் எந்தச் சொத்து, அது எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டியவர் வென்றவரே. எழுபது வயது ஆசிரியை காணிப் பதிவகத்தில் உறுதிகளைத் தேட வேண்டும். அயலில் நிற்கும் வான் யாருடைய பெயரில் ஓடுகிறது என்று துப்பறிய வேண்டும். கைப்பற்றும் செலவையும் ஏலச் செலவையும் முதலில் அவரே கட்ட வேண்டும்.

மறுபக்கத்தில் கடனாளிக்கோ வழி தாராளம். வழக்கு நடக்கும்போதே வீட்டை மகளுக்குச் சீதன உறுதி எழுதிவிட்டார். வானோ மைத்துனரின் பெயரில். கைப்பற்ற முனைந்தால் 'இது எனது சொத்து' என்று மூன்றாம் ஆள் உரிமை கோருவார். அதற்கு ஒரு விசாரணை, விசாரணையில் தோற்றவருக்கு இன்னொரு வழக்கு. ஏமாற்றும் நோக்குடன் செய்த கைமாற்றத்தை இரத்துச் செய்யச் சட்டத்தில் இடமுண்டு. அதற்கும் தனி வழக்கு. இதற்கிடையில் மணிக்கூடு ஓடுகிறது: 10 வருடங்கள் கடந்த பின் எழுத்தாணை கேட்க முடியாது.

பணத்தின் பெறுமதியோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை. 2013இல் ஒரு டொலர் ஏறத்தாழ 130 ரூபா. 2022 நடுப்பகுதியில் அது 360 ரூபா. அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் பணவீக்கம் 69.8 வீதம். அன்றைய ஆறு இலட்சம் நாளை முழுதாகக் கைக்கு வந்தாலும் அது அன்றைய ஆறு இலட்சம் அல்ல. ஆகவே இழுத்தடிப்பதே கடனாளிக்கு இலாபம். அந்த இலாபத்தை அவருக்கு ஈட்டிக் கொடுப்பது எமது நடைமுறையே.

சட்டத்துக்கு வேகமாக ஓடத் தெரியாது என்று எவரும் சொல்ல வேண்டாம். 1990இல் பாராளுமன்றம் வங்கிகளுக்காகத் தனிச் சட்டங்கள் இயற்றியது. அவற்றுள் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஈடு வைக்கப்பட்ட சொத்தைப் பணிப்பாளர் சபையின் தீர்மானம் ஒன்றினாலேயே, நீதிமன்றப் படி ஏறாமல், வங்கி ஏலத்தில் விற்கலாம். இதுவே பலரும் 'பராட்டே' என்று அறிந்த அதிகாரம். நொடிந்த தொழில் முயற்சியாளர்கள் குரல் எழுப்பியதால் 2024இல் அது தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டது. அவ்வேளை நாடே விவாதித்தது. வங்கியின் கையில் ஈடு இருக்கிறது, ஆசிரியையின் கையில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அவரது கையில் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறதே! ஒரு பணிப்பாளர் சபையின் தீர்மானத்துக்கு உள்ள வலு, ஒரு மாவட்ட நீதிபதியின் தீர்ப்புக்கு ஏன் இல்லை?

கடனாளியைச் சிறையில் தள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒப்பந்தக் கடப்பாட்டை நிறைவேற்ற இயலாமை என்ற காரணத்துக்காக மட்டும் எவரையும் சிறைப்படுத்தலாகாது என்கிறது, இலங்கை 1980இல் ஏற்றுக்கொண்ட குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை. அது நியாயமே. கடனாளியின் உடுப்பையும் படுக்கையையும் தொழிற் கருவிகளையும் கைப்பற்றலாகாது என்று எமது கோவை சொல்வதும் நியாயமே. இல்லாதவனைப் பிழியக் கூடாது. ஆனால் இல்லாதவன் வேறு, இருந்தும் கொடாதவன் வேறு. இருவரையும் பிரித்தறிய மறுக்கும் நடைமுறை, இரண்டாமவனுக்கே காவல் நிற்கிறது.

இதன் விளைவை எல்லோரும் அறிவோம். கடனைச் சேர்த்துத் தருவது பொலிஸாரின் கடமையன்று என்று தெரிந்தும் மக்கள் பொலிஸ் நிலையத்துக்கு ஓடுகிறார்கள். அரசியல்வாதியின் வாசலில் நிற்கிறார்கள். அதுவும் பலிக்காதபோது 'ஆட்களை' அனுப்புகிறார்கள். தீர்ப்பால் அறவிட முடியாததைத் தடியால் அறவிடலாம் என்று குடிமக்களுக்குக் கற்பிப்பது எத்தகைய அரசு?

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. கடனாளியை மன்றுக்கு அழைத்து அவரது சொத்துகள் பற்றி வாய்மூலம் விசாரிக்கும் அதிகாரம் கோவையில் ஏற்கெனவே உள்ளது. ஆனால் வென்றவர் விண்ணப்பித்தால்தான் அது நடக்கும். அதனைத் தீர்ப்போடு சேர்ந்த கட்டாய நடவடிக்கையாக்குங்கள்: குறித்த நாட்களுக்குள் கடனாளி சத்தியக் கடதாசியில் தன் சொத்துகளையும், வழக்குத் தொடங்கிய பின் செய்த கைமாற்றங்களையும் வெளியிட வேண்டும். பொய் சொன்னால், கடனுக்காக அல்ல, பொய்க்காகத் தண்டியுங்கள். சொத்தைத் தேடும் பொறுப்பைப் பிஸ்காலிடம் கொடுங்கள். காணி, வாகனப் பதிவேடுகள் அரசின் கையில்தானே இருக்கின்றன? தாமதத்துக்கான வட்டியைப் பணவீக்கத்தோடு இணையுங்கள். இழுத்தடிப்பின் இலாபம் அத்துடன் தீரும்.

'கடன் அன்பை முறிக்கும்' என்று எங்கள் கடைகளில் எழுதி வைத்திருப்பார்கள். அன்பு முறிந்தால் காலம் ஆற்றலாம். நீதிமன்றத்தின் மீதுள்ள நம்பிக்கை முறிந்தால் அதனை ஆற்றும் மருந்து எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.