எத்தனை இடம் பார்த்தோம் என்பதா கணக்கு?

தவணை விடுமுறை நெருங்குகிறது. எமது ஊர்ப் பாடசாலைகளில் மறுபடியும் கொழும்புச் சுற்றுலாப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. பட்டியல் வழமையானதுதான்: விமான நிலையம், பாராளுமன்றம், நூதனசாலை, தாமரைக் கோபுரம், காலிமுகத்திடல். நடுவில் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு ஒன்றரை மணித்தியாலம்.

இந்த ஒன்றரை மணித்தியாலத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

கிழக்கிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் போய் இறங்கும் பிள்ளைக்கு அங்கே என்ன கிடைக்கிறது? 1936ஆம் ஆண்டு அரசாங்கம் பொறுப்பேற்ற அந்த இடம் 20 ஏக்கருக்குச் சற்றே அதிகமானது. விடுமுறை நாளில் நாட்டின் நாலா பக்கத்துப் பாடசாலைகளும் அங்கேதான் நிற்கும். "நடங்க, நடங்க, வரிசைய விடாதீங்க" என்று சத்தம் போட்டே ஆசிரியர்களுக்குத் தொண்டை கட்டிவிடும். ஒரு பிள்ளை தவறிப்போனால் யார் பதில் சொல்வது? அதனால் நாம் தலைகளை எண்ணுகிறோம். பிள்ளைகள் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்க்கிறார்கள். நண்பகல் வெயிலில் சிங்கம் படுத்துக் கிடக்கும். அதை எழுப்பச் சிலர் கத்துவார்கள். பாம்புகள் இருக்கும் கண்ணாடியைத் தட்டுவார்கள். வாயில்லா ஜீவனைத் துன்புறுத்தக் கூடாது என்று மத்ரஸாவிலும் வகுப்பிலும் சொல்லிக்கொடுத்த பாடம் அந்த நெரிசலில் காணாமல் போகிறது.

இதற்காகத்தான் ஒரு வாப்பா கடன் வாங்கிக் காசு கட்டுகிறார். கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கு இப்படியொரு பயணம் இன்னொரு முறை கிடைக்காது.

"இவ்வளவு காசுக்கு எத்தனை இடம் காட்டுவீங்க, சேர்?" பெற்றோர் கூட்டத்தில் வரும் முதல் கேள்வி இதுதான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மறுபடி போக வசதியில்லாதவர் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்க்கத்தான் ஆசைப்படுவார். ஆனால் ஆறு இடத்தில் ஓடிய பிள்ளையிடம் மறுநாள் கேட்டுப் பாருங்கள். பஸ்ஸில் பாடிய பாட்டைத்தான் சொல்லும்.

நின்று பார்க்க நேரம் கொடுத்தால் அந்த இடம் ஒரு நல்ல வகுப்பறை. எமது தேசியக் கொடியில் சிங்கம் இருக்கிறது. எமது காட்டில் இருக்கிறதா? இல்லை. இங்கே காட்டின் பெரிய வேட்டை விலங்கு சிறுத்தைதான். இரண்டையும் பார்த்த பிள்ளை அதை மறக்காது. யானை என்றால் எமது பிள்ளைகளுக்கு வயலை மிதித்துப்போகும் மிருகம், மின்சார வேலி, இரவில் வெடிச்சத்தம். அதே யானையைப் பயமில்லாமல் பார்த்து, அது ஏன் எங்கள் வயலுக்கு வருகிறது என்று கேட்க வைப்பதும் கல்விதான். கூண்டு சரியா பிழையா என்று பிள்ளைகளே விவாதிக்கட்டும். 2016இல் திறக்கப்பட்ட ரிதியகம சபாரி பூங்காவில் மனிதர்தான் வாகனத்துக்குள் அடைபட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிக்கொடுக்கலாம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களிடமும் ஆசிரிய நண்பர்களிடமும் நாம் கேட்பது இவ்வளவுதான். பட்டியலை இரண்டு இடங்களாகக் குறையுங்கள். வார நாளில், வாசல் திறக்கும் நேரத்துக்கே மிருகக்காட்சிசாலைக்குப் போங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பிரியுங்கள். உம்மாமாரையும் துணைக்கு அழையுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரேயொரு மிருகத்தைத் தெரிவு செய்து, கால் மணித்தியாலம் பார்த்து எழுதட்டும். லுஹரும் பகல் சாப்பாடும் முடித்து, பின்னேரம் காலிமுகத்திடலில் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: "எத்தனை மணித்தியாலம் பார்க்க விடுவீங்க, சேர்?"