தாய்க்கு மெமோவா?

நூல் நைந்து தறி நிற்கிறது, மெமோ தறிக்காரனுக்கு! பொறுப்போமா, தோழர்களே? சங்கம் கேட்கும், சந்து பொந்தெல்லாம் கேட்கும். ஆனால் பிரசவ அறையிலே நம் துணைவியருக்கும் மெமோ எழுதப்படுகிறதே, கேட்டோமா?

வலி கண்டு மணி பல ஆகிறது. கருப்பையின் வாய் மெல்லத் திறக்கிறது. கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள், 'ஃபெயிலியர் டு புராகிரஸ்' என்று. முன்னேறத் தவறினாளாம்! இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்து, மூன்றாவதைச் சுமந்து வருகிறாள் ஒருத்தி. அவள் சீட்டிலே 'பேட் ஆப்ஸ்டெட்ரிக் ஹிஸ்டரி'. பிள்ளையை இழந்தவளும் அவள். 'கெட்ட' வரலாறும் அவளுக்கே!

"வெறும் சொல்தானே!" என்பர் சிலர். சொல் வெறுமனே இருப்பதில்லை. கையைப் பிடித்து இழுக்கிறது. 1955இல் நியூயார்க்கில் ஃப்ரீட்மன் என்ற மருத்துவர், தலைப்பிரசவத் தாய்மார் 500 பேரின் வலிநேரத்தை வரைபடமாக்கினார். அந்த வழியில் வந்த ஆய்வுகளால், 'மணிக்கு 1 சென்டிமீட்டர்' என்பது உலகெங்கும் அளவுகோலாயிற்று. அதற்குள் அடங்காதவள் 'தவறியவள்' ஆனாள். 2018இல் உலகச் சுகாதார நிறுவனமே சொல்லிற்று: அந்த வேகம் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது, அதை மட்டும் காரணங்காட்டி வழக்கமாகத் தலையிடக் கூடாது என்று. தவறியது தாயா, அளவுகோலா?

இன்னொன்று கேளுங்கள். தானாகக் கலைந்த கருவையும் 'அபார்ஷன்' என்றே எழுதிவந்தது ஆங்கில மருத்துவம். பிள்ளைக்காக ஏங்கி இழந்தவள் நெஞ்சு அச்சொல்லால் புண்படுகிறது; 'மிஸ்கேரேஜ்' என்று சொல்லுங்கள் என, இங்கிலாந்தின் பியர்டும் அவருடைய சகாக்களும் 1985இல் 'லான்செட்' ஏட்டில் எழுத வேண்டியிருந்தது. நம் தமிழிலோ கருச்சிதைவு வேறு, கருக்கலைப்பு வேறு! இரண்டு சொல் இருந்தும், இங்கேயும் வார்டிலே பத்துப் பேர் காதுபடக் கேட்கிறார்கள்: "உனக்கு எத்தனை அபார்ஷன்?" தலைகுனிகிறாள், குற்றமே செய்யாதவள்.

மருத்துவரை நாம் பழிக்கவில்லை. தாயையும் சேயையும் காத்துத் தரும் கைகள் அவை; வேண்டும்போது கத்தியும் வேண்டும். நாம் கேட்பது ஒன்றே: 'தவறினாள்' என்னாதீர், 'வலி மெதுவாகச் செல்கிறது' என்பீர். 'கெட்ட வரலாறு' என்னாதீர்; 'முன்பு குழந்தையை இழந்தவர்' என்பீர். உண்மை குறையாது, உள்ளம் நோகாது.

தோழனே! அடுத்த முறை துணைவியுடன் மருத்துவமனை செல். வெளியே பீடி புகைத்து நிற்காதே. சீட்டில் எழுதியதற்குப் பொருள் என்னவென்று பணிவோடு கேள். அவளுக்குத் தமிழில் சொல்லச் சொல்.

பிள்ளை பெறுவதைப் 'பேறு' என்று போற்றிய மொழி நம் மொழி. பேறு தருபவளுக்கா தோல்விப் பட்டம்?