கிரேக்கத் தயிர்: கோப்பைக்கு 50 ரூபாய் கொடுப்பதற்கு முன் ஒரு கணக்கு

மண்ணச்சநல்லூர் என்றால் பொன்னி அரிசியும் அரிசி ஆலைகளும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆலை இருக்கும் இடத்தில் தவிடு இருக்கும், தவிடு இருக்கும் இடத்தில் மாடு இருக்கும். அதனால் இந்தப் பகுதியில் நெல்லோடு பாலும் சேர்ந்தே வருமானம் தருகிறது. ஆனால் இங்கே கறக்கும் பால் கொள்ளிடத்தைத் தாண்டி நகரத்துக் கடை அலமாரிக்குப் போய்ச் சேரும்போது அதன் பெயரும் விலையும் மாறிவிடுகின்றன. அப்படி மாறிய பொருள்களில் இன்று அதிகம் பேசப்படுவது 'கிரீக் யோகர்ட்' எனப்படும் கிரேக்கத் தயிர்.

உடற்பயிற்சிக் கூடம் செல்லும் இளைஞர்கள், சர்க்கரை நோயாளிகள், எடை குறைக்க நினைப்பவர்கள் என்று பலரும் இதைத் தேடி வாங்குகிறார்கள். இதை வாங்கலாமா, வீட்டிலேயே செய்யலாமா, பால் உற்பத்தியாளர் இதில் இறங்கலாமா என்ற மூன்று கேள்விகளையும் இங்கே பார்ப்போம்.

இது புதிய பொருளா?

இல்லை. உறைந்த தயிரைத் துணியில் கட்டி நீரை வடித்தால் கிடைப்பதுதான் இது. கிரேக்கர்கள் தங்கள் மொழியில் இதை 'ஸ்திராகிஸ்தோ' என்கிறார்கள். அதன் பொருளே 'வடிக்கப்பட்டது' என்பதுதான். அரபு நாடுகளில் இது லப்னே. மராட்டியத்திலும் குஜராத்திலும் இதன் பெயர் சக்கா. அதில் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்தால் ஸ்ரீகண்ட். நம் வீடுகளிலும் புளித்த தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் உண்டு. இந்தக் கட்டுரையில் இதை 'வடித்த தயிர்' என்றே அழைப்போம்.

அமெரிக்காவில் ஹம்தி உலுகாயா 2005-ல் மூடப்பட்ட ஒரு ஆலையை வாங்கி, 2007-ல் 'சோபானி' என்ற பெயரில் விற்பனையைத் தொடங்கிய பிறகுதான் இது உலகச் சந்தையில் பெரிதாக வளர்ந்தது. இந்தியாவில் 2015-ல் 'எபிகேமியா' இதைக் கோப்பையில் அடைத்து விற்கத் தொடங்கியது. இப்போது ஈரோட்டின் மில்கி மிஸ்ட் உட்படப் பல நிறுவனங்கள் இந்தச் சந்தையில் இருக்கின்றன. மில்கி மிஸ்ட் நிறுவனம் 2025 ஜூலையில் பங்குச் சந்தையில் 2,035 கோடி ரூபாய் திரட்ட செபியிடம் விண்ணப்பித்தது. பாலைப் பாலாக விற்காமல் பன்னீர், தயிர், சீஸ் என்று மாற்றி விற்றே அந்த நிறுவனம் வளர்ந்தது என்பதைப் பால் உற்பத்தியாளர்கள் கவனிக்க வேண்டும்.

பெயரில் என்ன இருக்கிறது?

2023 மார்ச்சில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தயிர் உறையில் 'தஹி' என்று அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. மார்ச் 30-ஆம் தேதி ஆணையம் தன் உத்தரவைத் திருத்தியது. அதன்படி ஆங்கிலப் பெயருடன் அடைப்புக்குறிக்குள் 'தயிர்', 'மொசரு', 'பெருகு' என்று அந்தந்த ஊர்ப் பெயரைப் போடலாம் என்று ஆனது.

இதே போன்ற வழக்கு பிரிட்டனிலும் நடந்தது. கிரேக்க நாட்டு நிறுவனமான 'ஃபாயே', அமெரிக்காவில் தயாரித்த சோபானி 'கிரேக்கத் தயிர்' என்ற பெயரில் விற்கக்கூடாது என்று வழக்குத் தொடுத்தது. 2013-ல் உயர் நீதிமன்றமும், 2014 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஃபாயேவின் பக்கமே தீர்ப்பளித்தன. பொருளின் பெயருக்குள் அதன் மதிப்பும் அடங்கியிருக்கிறது என்பதே இரண்டு நிகழ்வுகளும் சொல்லும் பாடம். ஆனால் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தால் இழப்பு வாங்குபவருக்குத்தான்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் கோப்பையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள்.

1. புரதம்: சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், சாதாரணப் புளித்த பாலில் குறைந்தது 2.7 விழுக்காடு புரதமும், செறிவூட்டிய வகையில் குறைந்தது 5.6 விழுக்காடு புரதமும் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே 100 கிராமில் 5.6 கிராமுக்குக் குறைவாகப் புரதம் இருந்தால், பெயர் எதுவாக இருந்தாலும் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. நன்றாக வடித்த தயிரில் 8 கிராம் வரை இருக்கும்.

2. சேர்மானம்: பாலும் நுண்ணுயிர் உறையும் மட்டும் இருந்தால் நல்லது. மாவுச்சத்து, ஜெலட்டின் போன்றவை பட்டியலில் இருந்தால், அந்தக் கெட்டித்தன்மை முழுவதும் வடித்ததால் வந்ததல்ல. சைவ உணவு உண்பவர்கள் ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

3. சர்க்கரை: பழச்சுவை வகைகளில் சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று தனியே பாருங்கள். சர்க்கரை நோயாளிகள் சுவையூட்டாத வகையை வாங்கி, கொய்யாவோ பப்பாளியோ நறுக்கிச் சேர்ப்பது நல்லது.

4. தேதி: தயாரித்த நாளுக்கு நெருக்கமானதை எடுங்கள். கடையில் குளிர்பெட்டிக்கு வெளியே வைத்திருந்த கோப்பையை வாங்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வடிக்கும்போது புரதம் செறிவாகிறது. ஆனால் தயிரின் புளிப்பில் கரைந்த சுண்ணாம்புச் சத்தில் பெரும்பகுதி நீரோடு வெளியேறிவிடுகிறது. எனவே புரதம் இரண்டு மடங்குக்கு மேல் கூடினாலும் சுண்ணாம்புச் சத்து அந்த அளவு கூடாது. வளரும் பிள்ளைகளுக்கும், எலும்புத் தேய்வு உள்ள பெரியவர்களுக்கும் சாதாரணத் தயிரும் மோரும் எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

வீட்டிலேயே செய்யும் முறை

பாலைப் பொங்கவிட்டு உடனே இறக்காதீர்கள். பொங்கியதும் தீயைக் குறைத்து, கிளறியபடி 10 நிமிடம் வையுங்கள். அந்தச் சூட்டில் பாலின் தெளிவில் உள்ள புரதங்கள் கேசின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். வடிக்கும்போது வீணாகாது, தயிரும் கெட்டியாகும்.

விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், லிட்டருக்கு 2 தேக்கரண்டி புளிக்காத தயிரைக் கலந்து உறை ஊற்றுங்கள். திருச்சி வெயிலில் 5 மணி நேரத்தில் உறைந்துவிடும். மார்கழியில் 8 மணி நேரம் ஆகலாம். உறைந்ததும் 2 மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, கொதிநீரில் அலசிய மல் துணியில் கொட்டி, வடிகட்டியின் மேல் வைத்து, குளிர்பெட்டிக்குள்ளேயே 4 முதல் 6 மணி நேரம் வடியுங்கள். கோடையில் வெளியே தொங்கவிட்டால் வடிவதற்குள் புளித்துவிடும்.

3 லிட்டர் பாலில் சுமார் 1 கிலோ வடித்த தயிரும், சுமார் 2 லிட்டர் தெளிவும் கிடைக்கும். ஆவின் நீல உறைப் பாலின் விலை 2021 மே மாதம் லிட்டருக்கு 40 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அந்த விலையில் 3 லிட்டருக்கு 120 ரூபாய். கடையில் 90 கிராம் கோப்பை 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோ 555 ரூபாய் ஆகிறது. எரிவாயு, மின்சாரம், உங்கள் உழைப்பு எல்லாம் சேர்த்தாலும் வீட்டில் செய்வதே மலிவு.

சமையலில்

தயிர் சாதத்துக்குக் குழைய வடித்த சோற்றில் வடித்த தயிரையும் கொஞ்சம் பாலையும் சேர்த்துப் பிசைந்தால் மதியம் வரை புளிக்காமல் இருக்கும். வெள்ளரி, கேரட் பச்சடி நீர்த்துப் போகாது. தயிர் வடைக்கு மேலே ஊற்றச் சிறிது நீர் கலந்து அடித்துக்கொள்ளுங்கள். கோழிக்கறியை ஊறவைக்கவும் ஏற்றது. மசாலா கறியில் நன்றாகப் பிடிக்கும்.

மோர்க்குழம்புக்குப் பயன்படுத்தும்போது ஒரு பங்கு வடித்த தயிருக்கு ஒன்றரைப் பங்கு நீர் சேர்த்து, அரைத்த பருப்பு விழுதையும் கலந்து, மெல்லிய தீயில் வையுங்கள். நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். வேறு குழம்புகளில் சேர்ப்பதானால் அடுப்பை அணைத்த பிறகு, குழம்பில் ஒரு கரண்டி எடுத்துத் தயிரில் கலந்து, பிறகு அதைச் சட்டியில் ஊற்றுங்கள்.

தெளிவை வாய்க்காலில் விடாதீர்கள்

வடித்த தயிரின் பெரிய சிக்கல் இதுதான். தயிரை விடத் தெளிவு இரண்டு மடங்கு வருகிறது. அதில் பால் சர்க்கரையும் அமிலமும் உண்டு. நீர்நிலையில் கலந்தால் அவை அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சிவிடும்; மீன்கள் தாங்காது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் தயிர் ஆலைகள் பெருகியபோது, இந்தத் தெளிவை என்ன செய்வது என்பதே பெரிய கேள்வியாயிற்று. ஆலைகள் அதை லாரிகளில் பண்ணைகளுக்குத் திருப்பி அனுப்பித் தீவனத்திலும் நிலத்திலும் சேர்க்க வேண்டியிருந்தது.

புள்ளம்பாடி, பெருவளை வாய்க்கால்களை நம்பி விவசாயம் செய்யும் நமக்கு இந்த எச்சரிக்கை மிகவும் அவசியம். வீட்டளவில் என்றால் தெளிவைச் சப்பாத்தி மாவு பிசையவும், ரசத்துக்கும், உப்பும் பெருங்காயமும் சேர்த்துக் குடிக்கவும் பயன்படுத்தலாம். வெளியேறிய சுண்ணாம்புச் சத்து அதில்தான் இருக்கிறது. குழுவாகச் செய்பவர்கள் அன்றன்றைக்குப் புதிய தெளிவை மாட்டின் தவிட்டுத் தண்ணீரில் சிறிதளவு கலக்கலாம். புதிதாகத் தொடங்கும்போது கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குங்கள்; ஒரேயடியாகக் கொடுத்தால் வயிற்றில் அமிலம் கூடி மாடு தீவனம் எடுக்காது. மீதியை மட்குக் குழியில் ஊற்றலாம்.

பால் உற்பத்தியாளருக்கு லாபமா?

2023 டிசம்பர் 18 முதல் ஊக்கத்தொகை 3 ரூபாய் சேர்த்து, ஆவின் பசும்பாலுக்கு லிட்டருக்கு 38 ரூபாய் கொடுத்தது. அந்தக் கணக்கில் 3 லிட்டர் பாலின் விலை 114 ரூபாய். அதே பாலைத் தயிராக்கி உள்ளூரில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றால் 180 ரூபாய். ஆக, வடித்த தயிர் கிலோ 180 ரூபாய்க்கு மேல் விற்றால்தான் அதில் இறங்குவதற்கே அர்த்தம் உண்டு. குளிர்பெட்டி, கோப்பை, போக்குவரத்து, விற்காமல் திரும்புவது எல்லாம் சேர்த்தால் 250 ரூபாயாவது கிடைக்க வேண்டும். அந்த விலைகூட கோப்பை விலையில் பாதிக்கும் குறைவுதான். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம், அடுத்து திருச்சி நகரம் என்பது மண்ணச்சநல்லூர் மகளிர் குழுக்களுக்குப் பெரிய வசதி.

வரியையும் கவனியுங்கள். உறையிட்டு விவரம் அச்சிட்ட தயிருக்கு 2022 ஜூலை 18 முதல் 5 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் உறையிட்ட பன்னீருக்கு வரி முழுவதும் நீக்கப்பட்டது. தயிருக்கு அந்தச் சலுகை வரவில்லை. மாநிலத்துக்குள் பொருள் மட்டும் விற்று, ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு குழுவுக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் உணவுப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். அது இல்லாமல் ஒரு கோப்பைகூட விற்கக்கூடாது.

பாலின் தரத்தில் சமரசம் கூடாது. மடிநோய்க்கு மருந்து போட்ட மாட்டின் பால், கால்நடை மருத்துவர் சொன்ன கெடு முடியும்வரை சேரக்கூடாது. மருந்து எச்சம் இருந்தால் தயிர் சரியாக உறையாது, உடல்நலத்துக்கும் கேடு. தவிடு மலிவாகக் கிடைக்கிறது என்று அதை மட்டுமே கொட்டாமல், கம்பு நேப்பியர் கோ 5 போன்ற பசும்புல்லும், வேலிமசால், அகத்தி போன்ற பயறுவகைத் தீவனமும் சேர்த்துக் கொடுங்கள். கொழுப்பற்ற திடப்பொருள் குறையாமல் இருந்தால்தான் 3 லிட்டரில் 1 கிலோ கிடைக்கும்.

தொடங்க நினைப்பவர்கள் முதலில் இயந்திரம் வாங்கக் கடன் எடுக்காதீர்கள். வீட்டுக் குளிர்பெட்டியில் 3 லிட்டர் பாலில் நான்கைந்து முறை செய்து பாருங்கள். கிடைத்த தயிர், தெளிவு, செலவு மூன்றையும் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். ஒரே மாதிரி தரம் வந்த பிறகு பதிவு பெற்று, 10 வீடுகளில் முன்பணம் வாங்கிக்கொண்டு வாரம் 5 கிலோ செய்யுங்கள். மூன்று மாதம் அந்த 10 வீடுகளும் தொடர்ந்து வாங்கினால் அடுத்த படிக்குப் போகலாம். தொழில்நுட்பச் சந்தேகங்களுக்குச் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தையோ, திருச்சியில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தையோ நேரில் அணுகுங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.