கடலோரத்தில் இருக்கிறோம், பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது



ஓர்ஸ் ஹில் பக்கம் குடியிருக்கும் எங்களுக்குப் பாய்ப்படகு ஒன்றும் புதினமில்லை. உள்துறைமுகத்தில் வெளிநாட்டு யாட் ஒன்று நங்கூரமிட்டால் பிள்ளைகள் போனை எடுத்துவிடுவார்கள். "பணக்காரர் பொழுதுபோக்கு" என்று சொல்லிவிட்டு நாங்களும் நகர்ந்துவிடுவோம். அந்தப் படகில் இருப்பவர் எவ்வளவு பயத்தோடு கடலைக் கணக்குப் பார்க்கிறார் என்று யோசிப்பதில்லை.

திருமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கடல்வழி ஏறக்குறைய 60 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் ஓடினால் 12 மணித்தியாலம். சுபஹோடு புறப்பட்டால் மஃரிபை ஒட்டிப் போய்ச் சேரலாம். கச்சான் காலத்தில் காற்று தரையிலிருந்து வருவதால் கரையோரம் அவ்வளவு அலை எழாது. வாடைக் காலத்தில் கதை வேறு. காற்றும் அலையும் சேர்ந்து படகைக் கரைப்பக்கமே தள்ளும். யாட்டின் அடிப்பாகம் ஒன்றரை, இரண்டு மீற்றர் தண்ணீருக்குள் இறங்கி நிற்பதால் நினைத்த இடத்தில் கரைக்கு ஒதுங்கவும் முடியாது. மட்டக்களப்பு முகத்துவாரத்திலோ மணல்திட்டு, அதன்மேல் அலை உடையும். அதனால் அனுபவமுள்ளவர் காற்று ஏறுமுன்பே பாயைச் சுருக்கிவிடுவார். உயிர்காப்பு அங்கியைப் போட்டு, தன்னைக் கயிற்றால் படகோடு கொளுவிக்கொள்வார். கொட்டியாரக் குடாவைத் தாண்டுமுன் கடல் சரியில்லை என்று கண்டால் திரும்பியே வந்துவிடுவார். அதை யாரும் கோழைத்தனம் என்பதில்லை.

நாங்கள்? மூதூருக்கு லோஞ்சில் போய்வந்தவர்களுக்கு, மார்கழியில் கொட்டியாரக் குடா எப்படி எழும்பும் என்று தெரியும். வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாலங்கள் வந்தன, அல்ஹம்துலில்லாஹ், பயணம் லேசானது. அதோடு அந்த அறிவும் போய்விட்டது. இப்போது லீவு நாளில் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகும்போது அங்கியைக் காலடியில் போட்டுவிட்டு செல்பி எடுக்கிறோம்.

2021 நவம்பர் 23ஐ எங்களால் மறக்க முடியுமா? கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்ததால் மக்கள் இழுவைப் படகில் போய்வந்தார்கள். அது கடல்கூட இல்லை, அக்கரை கண்ணுக்குத் தெரியும் களப்பு. பாடசாலைப் பிள்ளைகளின் ஜனாஸாக்களைச் சுமந்தோம்.

இத்தனை தண்ணீர் சூழ்ந்த ஊரில் சாதாரண தரத்துக்கு எல்லாப் பாடத்துக்கும் டியூஷன் உண்டு, நீச்சலுக்கு இல்லை. பெண்பிள்ளைகளுக்கு என்றால் பேச்சே எடுக்க முடியாது. பெண் பயிற்றுநர், மறைவான இடம், பொருத்தமான உடை, இவ்வளவுதானே தேவை? கல்யாண வீட்டில் அரைநாளுக்குள் திரை கட்டத் தெரிந்த சமூகம்தானே நாங்கள்!

"நீச்சல் தெரிந்தவனும் மூழ்கியிருக்கிறானே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். அதனால்தான் நீச்சலோடு, காற்றைப் பார்க்கவும் "இன்றைக்குப் போக வேண்டாம்" என்று சொல்லவும் பழக்க வேண்டும் என்கிறோம்.

வரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறோம். உம்மாமாரும் வாருங்கள். வாடை தொடங்குமுன் முதல் வகுப்பு நடக்க வேண்டும்.