உண்டிச்சாலையில் கற்ற பாடம்

விலைக்கு உணவு விற்குமிடத்தில் அன்பை எதிர்பார்ப்பார் யார்? காசு கொடுத்தோம், உண்டோம், கை கழுவினோம் என்பதே உண்டிச்சாலைக்கும் எமக்கும் உள்ள தொடர்பென எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையெனச் சென்ற விடுமுறையில் உணர்ந்தோம்.

மதுரையிலிருந்து ஊர் திரும்புங்கால், பேருந்து நிலையத்தை அடுத்ததோர் உண்டிச்சாலையில் நண்பகலில் அமர்ந்திருந்தோம். இடங்கொள்ளாக் கூட்டம். கைநடுக்கமுற்ற முதியவர் ஒருவர் தமியராய் வந்து எமக்கெதிரே அமர்ந்தார். அவர் எடுத்த கவளம் வாயை அடையாமல் மேலாடையிற் சிந்திற்று. இருமுறை முயன்றார், பின்னர் நாணித் தலைகவிழ்ந்தார். யாம் செய்தது யாதெனின், பார்த்தும் பாராதார்போல எம் இலையை நோக்கியதே. பரிமாறிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் குழம்பு வாளியைக் கீழே வைத்தான், கைகழுவி வந்தான், “தாத்தா, எனக்கும் கொஞ்சம் இடங் கொடுங்கள்” என்று அருகமர்ந்து, சோற்றைப் பிசைந்து ஊட்டலானான். அவன் பரிமாற வேண்டிய வரிசையை மற்றொரு பணியாளர் ஒரு சொல்லுமின்றி ஏற்றுக்கொண்டார். முடிவில் முதியவர் நீட்டிய பத்து ரூபாயை அவன் வாங்கவில்லை. “தாத்தாவுக்கு ஊட்டினால் பேரனுக்குக் கூலியா?” என நகைத்து வாளியை எடுத்துச் சென்றான்.

பணியாளர் காட்டும் பணிவெல்லாம் பரிசு கருதியதே என்பார் உளர். பரிசு கருதினவன் நீட்டிய தாளை மறுப்பானேன்? வேறு சிலர், எல்லாவற்றையும் சட்டத்தால் ஒழுங்குசெய்யலாம் என்பர். சட்டத்தின் பயனை யாம் குறைத்துக் கூறோம். சாதியின் பெயரால் உண்டிச்சாலைகளில் இடம் மறுக்கப்பட்டோர் பலர்; 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு அத்தடையை விலக்கிற்று. உண்பார் இசைவின்றிப் பணிக்கட்டணத்தைப் பட்டியலிற் சேர்த்தலாகாதென நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் நெறி வகுத்தது. இவை வேண்டுவனவே. சட்டம் கதவைத் திறக்கும், கணக்கைத் திருத்தும். ஆயின், நடுங்குங் கைக்கு உதவுமாறு எச்சட்டமும் எவரையும் ஏவுவதில்லை. அவ்விடத்தை மனிதன்தான் நிரப்புதல் வேண்டும்.

அன்று எமக்கு ஓய்வு இருந்தது, அவனுக்கு இல்லை. கல்லூரிக் கல்வி எமக்கு இருந்தது. அவனுக்கு இருந்ததோ, அறியோம். எழுந்தவன் அவனே.

நண்பர்காள்! உணவு கொணர்வாரை விரல் சொடுக்கியும் “ஏய்” என்றும் அழைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனை இன்றே விடுவோமாக. இனி எங்கேனும் ஒரு கை நடுங்கக் கண்டால், பணியாளன் வரும்வரை காத்திராது நாமே எழுவோமாக. அன்று எழாத எமக்கு இதனைக் கூறும் உரிமை சிறிதே. ஆயினும், அவ்வெட்கமே இதனை எழுதத் தூண்டிற்று.