வர்க்கமூலத்தைப் போட்டோ எடுக்காதீங்க!

டிஸ்கி: கணக்கு வாத்தியார்கள் யாரும் கோபப்படக் கூடாது. முழுசாகப் படித்துவிட்டு வேண்டுமானால் கோபப்படலாம் :-)

2-இன் அடுக்கு 10 எவ்வளவு? 1024. எனக்கு வந்த ஒரு பயிற்சித் தாளில் அது வெறும் 210 என்று இருந்தது. மேலே ஏறி உட்கார வேண்டிய 10, காப்பி-பேஸ்ட் செய்தபோது கீழே இறங்கி 2-க்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். விடை வரவில்லை என்றால் தப்பு நம்மேல்தான் என்று நம்பியே வளர்ந்ததல்லவா இந்த மாணவ வர்க்கம்! (வர்க்கம், கணக்கு... சரி, விடுங்கள்.)

அதே தாளில் √9+16 என்று இன்னொன்று. கோடு 9-க்கு மட்டும் என்றால் விடை 19. 16 வரைக்கும் என்றால் 5. எதை எழுதுவது?

புகார் சொன்னோம். அடுத்த வாரத்திலிருந்து கையால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்ப ஆரம்பித்தார்கள். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. படத்துக்குள் ஒரு சமன்பாட்டைத் தேட முடியாது. ஒரு குறி தப்பு என்றால் அதை மட்டும் திருத்த முடியாது. பத்துப் பேர் கை மாறி வந்தபின் பெரிதாக்கிப் பார்த்தால் கூட்டலும் பெருக்கலும் ஒரே பூச்சியாகத் தெரிகின்றன. "அதான் ஏஐ படிச்சுச் சொல்லுமே" என்கிறான் நண்பன். சொல்லும். மங்கலான கோட்டைப் பார்த்து 5 என்றும் சொல்லும், 19 என்றும் சொல்லும். தப்பாகச் சொன்னால் யார் பிடிப்பது?

நான் சிவகாசிப் பக்கம். எங்கள் ஊர் ஆப்செட் பிரஸ்ஸில் காலண்டர் ஓடும்போது ஒரு கலர் மயிரிழை விலகினாலும் மெஷினை நிறுத்துவார்கள். முருகன் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடக் கூடாதே! அதே ஊர் டி.டி.பி. சென்டரில் கணக்குத் தாள் அடித்தால் மட்டும் அந்த அக்கறை காணாமல் போகிறது. பாமினி எழுத்துருவில் தமிழ் அடிக்கும்போது, எழுத்துருவை மாற்ற மறந்து எக்ஸ் தட்டினால் 'ஒ' விழும், ஒய் தட்டினால் 'ல' விழும். 'ஒ-இன் மதிப்பைக் காண்க' என்றால் அண்ணாச்சி, எங்கே போய்க் காண்பது? இத்தனைக்கும் 2023-இல் ப்ளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் எங்கள் விருதுநகர் மாவட்டம்தான்.

வழியில்லாமல் இல்லை. 1977-இல் டொனால்ட் நூத் என்ற அமெரிக்கப் பேராசிரியர், தன் புத்தகத்தின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப் படியைப் பார்த்து வெறுத்துப்போய், தானே ஒரு மென்பொருள் எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். அதன்மேல் 1980-களில் லெஸ்லி லாம்போர்ட் கட்டியது லேடெக். இரண்டும் இலவசம். சூட்சுமம் இதுதான்: கோட்டை நாம் வரைவதில்லை, கோட்டுக்குள் எது எது என்று சொல்லிவிடுகிறோம். பின்சாய்கோடு, எஸ்-க்யூ-ஆர்-டி, நெளிவு அடைப்புக்குறிக்குள் 9+16. முடிந்தது. கோடு தானாக 16 வரைக்கும் நீளும். விக்கிப்பீடியாவில் 2003 முதல் இப்படித்தான் கணக்கு எழுதுகிறார்கள், தமிழ் விக்கிப்பீடியாவிலும்தான். இணையப் பக்கங்களுக்கென்றே மேத்எம்எல் 1998-இலேயே வந்துவிட்டது. குரோம் அதை ஒழுங்காகச் சேர்க்க 2023 வரை இழுத்தடித்தது தனிக் கொடுமை. அதுவரை கைகொடுத்தது மேத்ஜாக்ஸ்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், வெளிநாட்டு ஆய்விதழ்களின் சமன்பாடுகளைச் சென்னையிலும் புதுச்சேரியிலும் உட்கார்ந்து நம்மாட்கள்தான் கோத்துக் கொடுக்கிறார்கள். ஊரான் பிள்ளைக்கு முத்து முத்தான தொகையீடு, நம் பிள்ளைக்கு மங்கலான போட்டோ!

"லேடெக்கில் தமிழ் வராது" என்பது பழைய கதை. ஸீடெக் வந்தபிறகு யுனிகோடு தமிழ் நன்றாகவே வருகிறது. "போனில் அடிக்கக் கஷ்டம்" என்பது நியாயம். ராத்திரி பத்து மணிக்கு நண்பனிடம் ஒரு சந்தேகம் கேட்க போட்டோ போதும், நானும் அனுப்புகிறேன். ஆனால் நூறு பேர் படிக்கப்போகும் தாளைத் தயாரிப்பவருக்கு அந்தச் சாக்கு கிடையாது. பத்துப் பன்னிரண்டு கட்டளைகள் தெரிந்தால் பள்ளிக் கணக்கில் பெரும்பகுதியை அடித்துவிடலாம். ஒரு சாயங்கால வேலை.

என்னோடு படிக்கும் ஒருவனுக்குப் பார்வை கிடையாது. மேத்எம்எல்-ஆக வந்தால், அதற்கான துணைநிரலைப் போட்டிருக்கும் அவன் கணினி 'வர்க்கமூலம் தொடக்கம், முடிவு' என்று பிரித்துப் படிக்கும். போட்டோ வந்தால் 'படம்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அப்புறம் எனக்கு போன் வரும். போன வாரமும் வந்தது. "ரூட் ஒம்பது கூட்டல் பதினாறு" என்று வாசித்தேன்.

"கோடு எதுவரைக்கும்டா இருக்கு?" என்றான்.

பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.