இரண்டு அரசுகளின் பணமும் இடையில் நிற்கும் நாமும்

1980-ல் நாயனார் அரசு விவசாயத் தொழிலாளருக்கு மாதம் 45 ரூபாய் பென்ஷன் தந்தது. அற்பத் தொகை என்று எண்ணிவிடாதீர்கள். வயலில் முதுகு வளைந்த கிழவர், மகன் கையை எதிர்பாராமல் ஒரு சாயா குடிக்க வழி பிறந்தது. கேரளத்தின் நலப் பென்ஷன் 2021-ல் 1,600 ஆயிற்று. 2025 நவம்பரில் 2,000. இதில் 80 வயதுக்குட்பட்ட முதியோருக்கு டில்லி போடும் பங்கு வெறும் 200 ரூபாய்!

திட்டங்கள் தாமாக முளைப்பதில்லை. மந்திரிசபை முடிவெடுத்தாலும் பட்டியல் போட ஆள் வேண்டும். 2017-ல் தலைமைச் செயலாளராக ஓய்வு பெற்ற எஸ்.எம். விஜயானந்த், தம் பணிக்காலத்தில் பெரும்பகுதியை உள்ளாட்சிக்கும் வறுமை ஒழிப்புக்கும் கொடுத்தவர். நம் பிள்ளைகள் பட்டம் பெற்றால் வங்கி வேலைதானா? இந்த வேலைக்கும் வரட்டும்.

1998-ல் பிறந்த குடும்பஸ்ரீ, ஏழை யார் என்று வருமானத்தை மட்டும் கேட்கவில்லை. வீடு உண்டா, கழிப்பிடம் உண்டா, குடிநீர் உண்டா, நிலையான சம்பளக்காரர் ஒருவராவது உண்டா என்று ஒன்பது விஷயங்களைப் பார்த்தது. நல்ல கேள்விகள். சாலைக் கடைத்தெருவைச் சுற்றியுள்ள நம் வாடகை அறைகளில் கேட்டால் பாதிக்கு 'இல்லை' என்றே பதில் வரும். ஆனால் கேட்பவர் படியேற வேண்டுமே!

2023 செப்டம்பரில் தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயைத் தொடங்கியது. அதற்கு ஊர் ரேஷன் கார்டு அடிப்படை. கார்டைக் காப்பாற்றி வைத்திருந்தவர் மனுப் போட்டார். பிழைக்க வந்த இடத்தில் கார்டு வாங்கலாமென்று ஊரில் பெயரை நீக்கிக்கொண்ட சகோதரியின் நிலை? இங்கே வசிப்புக்குச் சான்று கேட்கிறார்கள். வீட்டுக்காரரோ வாடகைச் சீட்டு எழுதித் தருவதில்லை. இட்லிக் கடையிலும் தேய்ப்பு வண்டியிலும் இருபது வருடம் நின்றவர், இரண்டு அரசுக்கும் அந்நியர்.

கேரளம் 2010-ல் வெளிமாநிலத் தொழிலாளருக்கு நலத் திட்டம் கொண்டுவந்ததை மறக்கவில்லை. அது நோய்க்கும் சாவுக்கும் உதவும். மாதச் செலவுக்கு உதவாது.

இரண்டு பக்கமும் வாங்க வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. தகுதியுள்ள கார்டுக்கு அரிசி இன்று எல்லை தாண்டி வருகிறது. அதே கணினியைக் கொண்டு, எந்தப் பட்டியலிலும் இல்லாதவரை ஏதாவது ஒன்றில் சேர்க்க இரு அரசுகளாலும் முடியும். வாடகைச் சீட்டு இல்லாதவருக்கு வார்டு கவுன்சிலரின் கடிதமே போதுமென்று விதி செய்யட்டும்.

அதுவரை கணக்கை நாமே எடுப்போம். கார்டு எங்கே, எத்தனை வருட வாசம், எந்தப் பணம் கிடைக்கிறது என்று கேட்டு நம் தொண்டர்கள் நோட்டுப் புத்தகத்துடன் வருவார்கள். மறைக்காமல் சொல்லுங்கள்.